உப்பு ஜன்னலின் நாலாவது பாட்டு

புலம்பெயர்ந்து குடியேறிய நகரின் எல்லர்ஸ்லிப் பகுதியில் பிரணவி வேலை செய்யும் அலுவலகத்தின் தீபாவளிக் கொண்டாட்டத்துக்கு ஒரு ஜப்பானியப் பாட்டைத் தேர்ந்தெடுத்தது ஸ்ருதிதான். கோயம்புத்தூர்க்காரி, பிரணவிக்கு அடுத்த மேசை.

"எல்லா வருஷமும் அதே சினிமாப் பாட்டுதானா? உன் வீட்டுக்காரர் பேரு போட்ட ஆல்பம் இருக்கே, அதுல நாலாவது பாட்டு. கேட்டாலே கால் தானா ஆடுது பிரணவி" என்றாள்.

பிரணவிக்குப் பெருமையாக இருந்தது. 'உப்பு ஜன்னல்' என்று பொருள்படும் ஜப்பானியப் பெயர் கொண்ட அந்த ஆல்பத்தை ஷிஸுகு என்ற பெண், ஜப்பானின் செண்டாய் நகரத்தில் தன் அறைக்குள் இருந்தபடி தனியாளாகச் செய்திருந்தாள். பாட்டு, தாளம், சின்தசைசர், கடைசிக் கலவை எல்லாம் அவளே. இசைத்தட்டின் அட்டையில், பின்பக்கம், பொடி எழுத்தில் நன்றி சொல்லப்பட்ட பெயர்களில் ஒன்று சுலக்ஷன். பிரணவியின் கணவன்.

சுலக்ஷன் அதே நகரின் பென்ரோஸில் ஒரு பெரிய களஞ்சியத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். மிச்ச நேரமெல்லாம் அவனுக்குச் சத்தங்கள்தான். கூரையில் மழை விழுவது, கேத்திலில் தண்ணீர் கொதிப்பது, மோட்டர்வேப் பாலத்துக்கு அடியில் லொறிகள் உறுமுவது என்று எதையும் பதிந்து வைப்பான். அப்படிப்பட்டவர்கள் தங்கள் ஒலிகளைப் பரிமாறிக்கொள்ளும் ஓர் இணையத்தளத்தில்தான் ஷிஸுகு அவனுக்குப் பழக்கமானாள்.

"அவவுக்கு நீங்கள் என்ன குடுத்தனீங்கள்?" என்று பிரணவி ஒருமுறை கேட்டாள்.

"சின்னச் சின்னச் சத்தங்கள். மழை, கதவு... அப்பிடி."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அவர்கள் குடியிருந்த மாசிப் பகுதியிலிருந்து எல்லர்ஸ்லிக்குப் போகும் நெரிசலில் தினமும் அந்த ஆல்பம்தான் காரில் ஓடியது. நாலாவது பாட்டின் பல்லவியில் ஷிஸுகுவின் மெல்லிய குரலுக்கு மேலே இன்னொரு குரல் கீச்சென்று எழும்பும். வேகமாக்கி, துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய குரல். 'கெகெ, கெகெல, யே' என்று அது துள்ளும். என்ன மொழி என்று யாருக்கும் தெரியாது. ஜப்பானிய மொழியில் தவளை கத்துவதை ஏறக்குறைய அப்படித்தான் சொல்வார்கள் என்று ரசிகர் ஒருவர் இணையத்தில் எழுத, மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சுலக்ஷன் அதை வாசித்துக் காட்டிச் சிரித்தான். "தவளையாம்! பாரும்."

ஸ்ருதி அதை வைத்தே ஆட்டத்தை அமைத்தாள். பல்லவி வந்ததும் எல்லோரும் குந்தி, உள்ளங்கைகளை நிலத்தில் ஊன்றி, தவளை மாதிரிப் பாய வேண்டும். பிரணவி வீட்டு முன்னறைக் கம்பளத்தில் பயிற்சி செய்தாள். சுலக்ஷன் சோபாவில் சாய்ந்திருந்து, தொடையில் விரலால் தட்டியபடி, "அரைத் தாளம் பிந்துது. அந்த 'யே' வரேக்கயே காலை எடும்" என்று திருத்தினான்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பிரணவி நினைத்தாள். அம்மா அன்னபாக்கியம் அதே நகரில், சாண்ட்ரிங்ஹாமில் தனியாக இருந்தாள். அப்பா இராசநாயகம் போன வருடம் ஜூன் மாதம், அந்த வீட்டுக் குளியலறையில் விழுந்து இறந்துபோனார். ஆண்டுத் திவசம் முடிந்தும் அம்மா கோயிலைத் தவிர எங்கும் போகவில்லை. சுலக்ஷனிடம் சொன்னபோது, "அவவை ஏன் அலைக்கழிக்கிறீர்? சத்தம் கூடின இடம். விடும்" என்றான். கரிசனையாகத்தான் சொல்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். கொண்டாட்டம் நடந்த சனிக்கிழமை அவனுக்கு வேலை. அவள் அவனுக்குச் சொல்லாமல் அம்மாவை ஏற்றிக்கொண்டு போனாள்.

கீழ்த்தளக் கூடத்தில் குடும்பங்கள் நிறைந்திருந்தன. அம்மா முன்வரிசையில், மடியில் ஒரு தட்டும் அதில் கடித்த கட்லட்டுமாக, பக்கத்தில் இருந்த குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுத்தான் பிரணவி மேடை ஏறினாள்.

பாட்டுத் தொடங்கியது. முதல் பல்லவியில் எல்லோரும் பாய்ந்தார்கள். குழந்தைகள் கூச்சலிட்டுக்கொண்டு தாங்களும் குந்திப் பாய்ந்தன. இரண்டாவது பல்லவியில் பிரணவி முகத்தை நிமிர்த்திச் சிரித்தபடி முன்வரிசையைப் பார்த்தாள். அம்மாவின் கதிரை வெறுமையாக இருந்தது. தட்டு நிலத்தில் கிடந்தது.

ஆட்டம் முடிந்த கையோடு அவள் வெளியே ஓடினாள். கார்ப் பார்க்கில், யாருடையதோ ஒரு காரின் பக்கக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றாள்.

"என்னம்மா? தலை சுத்துதோ?"

"உந்தப் பாட்டு எங்கத்தையான்?"

"ஜப்பான் பாட்டம்மா. ஏன்?"

"அதுக்குள்ள கத்துறது நான், பிள்ளை."

"அம்மா, அது மெஷினில செய்த குரல். உங்களுக்கு அப்பிடிக் கேட்டிருக்கும்."

அம்மா அவளை நேராகப் பார்த்தாள். "நான் அழுத அழுகை எனக்குத் தெரியாதோ? உன்ர அப்பாவைப் பெட்டியில கிடத்திப்போட்டு நான் அழுதது. கூப்பிட்டீரோ ராசா, எனக்குக் கேக்கேல்லையே, கேக்கேல்லையே எண்டு அழுதது. அதுக்கு நீ தவளை மாதிரிப் பாய்ஞ்சுகொண்டு நிக்கிறாய்."

உள்ளே யாரோ 'ஒன்ஸ் மோர்' என்று கத்த, பாட்டை மறுபடி போட்டார்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பல்லவி வந்தது. கெகெ, கெகெல, யே. பிரணவி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கேக்கே. கேக்கேல்ல. யே. வெட்டிய இடங்களும் ஒட்டிய இடங்களும் இப்போது தனித்தனியே தெரிந்தன. கடைசி 'யே'யில் அம்மாவின் குரல் உடைகிற இடம் அப்படியே இருந்தது. அந்த இடத்தில்தான் காலை எடுக்க வேண்டும் என்று சுலக்ஷன் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான்.

பிரணவி கார்ப் பார்க் ஓரத்தில் நீள இலைகளோடு நின்ற ஃபிளாக்ஸ் புதருக்குள் குனிந்து வாந்தியெடுத்தாள். உள்ளே கைதட்டல் கேட்டது.

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு மாசிக்கு வரும் வழியெல்லாம் அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். செத்தவீட்டை யாழ்ப்பாணத்திலும் லண்டனிலும் உள்ள சொந்தக்காரர் பார்க்க வேண்டும் என்று நேரலை செய்தது சுலக்ஷன். பெட்டிக்குப் பக்கத்தில் நல்ல மைக் ஒன்றை வைத்திருந்தான். 'மருமகன் எவ்வளவு பொறுப்பு' என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா காரில் ஏறினால் ஓடுகிற ஆல்பத்தை நிறுத்தி உடனே தேவாரம் போடுவான். அதை மரியாதை என்று நினைத்திருந்தாளே!

அவன் வேலையால் வந்து, சமையலறை மேசையில் நூடில்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கழுத்தில் ஹெட்போன்.

"எப்பிடிப் போச்சு டான்ஸ்?"

"அம்மா வந்தவ."

முள்ளுக்கரண்டி வாய்க்குப் பக்கத்தில் நின்றது. "மாமியோ? நீர் சொல்லேல்லையே."

"நாலாவது பாட்டில இருக்கிறது ஆற்ற குரல்?"

அவன் பொய் சொல்ல நினைத்திருக்கலாம். ஆனால் முகம் முதலே சொல்லிவிட்டது. "அதை உயர்த்தி, வெட்டி, எவ்வளவோ மாத்தியிருக்கு பிரணவி. ஒருத்தருக்கும் பிடிபடாது."

"அழுத ஆளுக்குப் பிடிபட்டிட்டுது. எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா விட்டிருப்பீரோ?"

"என்ர அம்மா அப்பான்ர பிணத்தைப் பாத்து அழுத சத்தம் அது."

"ஓம். அதாலதான் அது அப்பிடி இருக்கு. நடிச்சு அப்பிடிப் பாட ஏலாது." அவன் கண்கள் மினுங்கின. "யோசிச்சுப் பாரும். நேரலை லிங்கோட அழிஞ்சு போயிருக்க வேண்டிய குரல். இப்ப உலகம் முழுக்கக் கேக்குது. ஒரு விதத்தில மாமிக்கு அது பெருமை."

"நான் இந்தக் கம்பளத்தில குந்திக் குந்திப் பாயேக்க நீங்கள் அந்தச் சோபாவில இருந்து பாத்துக்கொண்டு இருந்தனீங்கள். அரைத் தாளம் பிந்துது எண்டு சொன்னனீங்கள்."

"பிந்தினதுதானே" என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது போலும், கையை நீட்டினான். அவள் பின்னால் நகர்ந்தாள். அவனுடைய உதட்டோரத்தில் நூடில்ஸின் எண்ணெய் ஒட்டியிருந்தது. மற்றக் கை, அவனுக்கே தெரியாமல், மேசையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. இந்த விரல்கள்தான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்த ஓலத்தை முன்னும் பின்னும் ஓடவிட்டு, எங்கே வெட்டினால் துள்ளும் என்று பார்த்திருக்கின்றன. அடுத்த அறையில் தான் அப்போது படுத்திருந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். அவனோடு ஒரே கோப்பையில் தேநீர் குடித்தது, அவன் தோளில் முகம் வைத்தது எல்லாம் தோலில் பிசுக்கு மாதிரி ஒட்டியிருப்பதாகப் பட்டது. குளிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்த வீட்டில் குளிக்கவும் பிடிக்கவில்லை. ஒரு பையில் உடுப்புகளை எடுத்துக்கொண்டு சாண்ட்ரிங்ஹாமுக்குப் போய்விட்டாள்.

ஷிஸுகுவுக்கு எழுதியது பிரணவிதான். தான் யார் என்பதையும், அது யாருடைய குரல் என்பதையும் மட்டும் சுருக்கமாக எழுதினாள். திரையில் முகம் பார்த்துப் பேச முடியுமா என்று கேட்டு மறுநாளே பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அம்மாவின் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்தார்கள்.

திரையில் வந்தவள் பிரணவியை விட இளையவள். முடியை இழுத்துக் கட்டியிருந்தாள். அவளுக்குப் பின்னால் கொடியில் ஒரு சட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் தேடித் தேடிப் பேசினாள். அந்தக் குரல் சுலக்ஷனின் குடும்பத்தில் ஒரு பாடகியுடையது என்றும், அவர் சம்மதம் தந்திருக்கிறார் என்றும் அவன் சொன்னானாம். பொருள் என்ன என்று அவள் கேட்டபோது, தாலாட்டு, பிள்ளையை நித்திரையாக்கும் பொருளில்லாச் சொற்கள் என்றானாம். அதனால்தான் தூக்கத்தைப் பற்றி வரிகள் எழுதினேன் என்றாள்.

"என்ன சொல்லுறா?" என்றாள் அம்மா.

"தாலாட்டு எண்டு சொன்னவராம்."

பிரணவி ஷிஸுகுவுக்கு 'கேக்கேல்லையே' என்ற சொல்லின் அர்த்தத்தைச் சொன்னாள். அவர் கூப்பிட்டிருப்பார், எனக்குக் கேட்கவில்லையே என்று புருஷனின் உடலிடம் சொல்லி அழுதது என்றாள். ஷிஸுகு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தலையைக் குனிந்தாள். வெகுநேரம் அவளுடைய உச்சந்தலை மட்டுமே திரையில் தெரிந்தது. நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. அம்மாவுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள்.

"அதை எடுக்கச் சொல்லு. வேற ஒண்டும் வேண்டாம்" என்றாள் அம்மா.

திரை அணைந்த பிறகு அம்மா எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். "அந்தப் பிள்ளை பாவம். அதுக்குப் பாஷை விளங்காது. விளங்கின ஆள் இந்த மேசையில இருந்து என்ர கையால சோறு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தது."

ஷிஸுகு சொன்னபடி செய்தாள். அந்த வாரமே இணையத்தில் இருந்த ஆல்பத்தில் மூன்றாவது பாட்டுக்கு அடுத்து ஐந்தாவது வந்தது. செத்தவீட்டில் பதிந்த ஒரு குரலை உரிமையில்லாமல் பயன்படுத்திவிட்டேன், பிழை என்னுடையது என்று மட்டும் எழுதினாள். ரசிகர்கள் பழைய பிரதியை வேறு வேறு இடங்களில் ஏற்றத்தான் செய்தார்கள். சிலர் பாட்டைத் திருப்பித் தா என்று சண்டை பிடித்தார்கள். ஒருவன், செத்தவீட்டுப் பாட்டு என்று தெரிந்த பிறகு இன்னும் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தான். பிரணவி அதற்கு மேல் வாசிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை சுலக்ஷன் ஒரு பெட்டி மாம்பழத்தோடு சாண்ட்ரிங்ஹாமுக்கு வந்தான். அம்மா கதவைத் திறந்துவிட்டாள். மருமகனை வாசலில் வைத்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. அவன் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். பைக்குள் இருந்து கைபேசியை எடுத்து அதையும் பக்கத்தில் வைத்தான்.

"மாமி, நான் செய்தது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அம்மா தலையை ஆட்டினாள். அதோடு போயிருந்தால் ஒருவேளை எல்லாம் வேறு மாதிரி முடிந்திருக்கும். ஆனால் அவன் கதிரையின் நுனிக்கு வந்தான்.

"ஆனா மாமி, பாட்டை எடுத்தபடியா ஆருக்கு என்ன லாபம்? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னா ஷிஸுகு திரும்பப் போடுவா. உங்கட பேரையும் போடச் சொல்லுறன். அன்னபாக்கியம் இராசநாயகம் எண்டு. மாமான்ர பேரும் வரும். நல்லாத்தானே இருக்கும்?"

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அவள் எழுந்து நின்றாள். அம்மா அப்படிக் குரல் எழுப்பிப் பிரணவி அதற்கு முன் கேட்டதில்லை.

"என்ன சொன்னனீங்கள்? அவற்ற பேரோ? அண்டைக்கு என்ன நடந்தது எண்டு உங்களுக்குத் தெரியுமோ? நான் குசினியில மிளகாய் பொரிச்சுக்கொண்டு நிண்டனான். புகை போக ஃபானைப் போட்டிட்டு நிண்டனான். அவர் விழுந்த சத்தமும் கேக்கேல்லை, கூப்பிட்டவரோ எண்டும் தெரியாது. பொரிச்சு முடிச்சு, பேணியில போட்டு மூடி, பிறகுதான் போய்ப் பாத்தனான். உடம்பு சூடாத்தான் இருந்தது, தம்பி. கை சூடா இருந்தது. இதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. என்ர பிள்ளைக்குக் கூடச் சொல்லேல்லை. அவரிட்ட மட்டும்தான் சொன்னனான். பெட்டிக்குள்ள கிடந்த மனிசனிட்டச் சொன்னதை எடுத்துக் கொண்டுபோய்..."

குரல் உடைந்து மேலே போனது. பிரணவி தேநீர்த் தட்டோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அம்மாவைப் பிடிக்கத்தான் ஓரடி வைத்தாள். அப்போது மேசையில் கிடந்த கைபேசி கண்ணில் பட்டது. திரை அணையவில்லை. கறுப்புப் பின்னணியில் ஒரு பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் குரல் உயர்ந்தால் கோடு கூர்கூராக எழும்பியது. அம்மா மூச்சு வாங்கினால் அது படுத்தது.

"இதென்ன?" என்றாள் பிரணவி.

சுலக்ஷன் கையை நீட்டி கைபேசியைக் கவிழ்த்தான். "அது... பழக்கம். கை தானாப் போட்டிருக்கும். சத்தியமா வேணுமெண்டு இல்லை."

அம்மா அவன் கையிலிருந்து அதை வாங்கி நிமிர்த்திப் பார்த்தாள். வாசிப்புக் கண்ணாடி இல்லாமல் தூரப் பிடித்துப் பார்த்தாள்.

"இதுவும் நானோ?" என்று கேட்டாள். மெல்லத்தான் கேட்டாள். அதற்கும் கோடு சின்னதாக எழும்பி விழுந்தது.

பிரணவி தட்டை வைத்துவிட்டுப் பாய்ந்து கைபேசியைப் பறித்தாள். அதை நிலத்தில் அடிக்கக் கை ஓங்கியதை அம்மா தடுத்தாள். "உடைக்காதை. அவற்ற கையாலயே அழிக்கட்டும். நாங்கள் பாத்துக்கொண்டு நிப்பம்."

அவன் அழித்தான். பழைய செத்தவீட்டுப் பதிவையும் தேடி அழித்தான். வேறு எங்கேயாவது இருக்கிறதா என்று பிரணவி கேட்டாள். இல்லை என்றான். அவன் 'இல்லை' என்றால் இல்லை என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது என்பதே அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

அம்மா மாம்பழப் பெட்டியைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். "கொண்டு போங்கோ தம்பி. இனி நான் வாய் திறக்கிற இடத்தில நீங்கள் இருக்கக் கூடாது."

அவன் பிரணவியைப் பார்த்தான். அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அவளைக் கடந்து போகும்போது, அவனுடைய சட்டை தன்னில் படாதபடி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஸ்ருதியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்ருதி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள். "ஐயோ, ஆமா, நான்தானே அந்தத் தவளை ஸ்டெப்பு போட்டேன்" என்று கண் கலங்கினாள். அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் இருந்த வீடியோவை அன்றே எடுக்கவைத்தாள். சேர்ந்து ஆடிய இன்னொருத்தி எல்லாம் கேட்டுவிட்டு, "பாவம்தான். ஆனா பாட்டு சூப்பரா இருந்துச்சுல்ல?" என்று சொல்லிவிட்டுக் காப்பி எடுக்கப் போனாள். பிரணவி அதன் பிறகு அவளோடு சாப்பிட உட்காரவில்லை.

மாசி வீட்டின் வாடகை ஒப்பந்தம் முடிந்ததும் சுலக்ஷன் பென்ரோஸ் பக்கம் ஓர் அறை எடுத்துக்கொண்டான். இரு பக்கத்துப் பெரியவர்களும் தொலைபேசியில் சமாதானம் பேசினார்கள். ஒரு பாட்டுக்காகக் குடும்பத்தைப் பிரிப்பதா என்று அவன் தாய் கேட்டாள். பாட்டுக்காக இல்லை என்று மட்டும் பிரணவி சொன்னாள்.

ஜூனில் அப்பாவின் இரண்டாவது திவசம். தான் வரலாமா என்று சுலக்ஷன் யார் மூலமோ கேட்டு அனுப்பியிருந்தான். "வந்து சாப்பிட்டிட்டுப் போகட்டும். அண்டைக்குப் பெட்டி தூக்கினவர்" என்றாள் அம்மா.

"அவர் உள்ள வந்தா நான் வெளியில போயிடுவன் அம்மா."

அம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப வேண்டாம்" என்றாள். அவன் வரவில்லை.

திவசத்தில் அம்மா அழவில்லை. ஐயர் போன பிறகு, லண்டனுக்குக் காட்டலாம் என்று உறவுப் பையன் ஒருவன் கைபேசியைத் தூக்கினான். அம்மா எழுந்து உள்ளறைக்குப் போனாள். பிரணவி பின்னால் போய்ப் பார்த்தாள். கட்டிலில் இருந்த அம்மாவின் உதடுகள் இறுக மூடியிருந்தன. தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. சத்தம் போட்டு அழுவதை அம்மா விட்டுவிட்டாள் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

எல்லோரும் போனபின் இருவரும் பாத்திரம் கழுவினார்கள். அம்மா கழுவிக் கொடுக்க, பிரணவி துடைத்து அடுக்கினாள். பாயாசப் பானையைத் துடைக்கும்போது அம்மாவின் கை தண்ணீருக்குள் அசையாமல் நிற்பதைக் கண்டாள். என்ன என்று கேட்கத் திரும்பியபோதுதான் தன் வாய் எதையோ முனகிக்கொண்டிருப்பது அவளுக்கே கேட்டது. கெகெ, கெகெல.

பானையை வைத்துவிட்டுக் குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தாள். துப்பினாள். மறுபடியும் கொப்பளித்தாள். நாக்கை விரலால் தேய்த்தாள்.

"விடு பிள்ளை. போகும்" என்றாள் அம்மா.

"எப்பம்மா போகும்?"

அம்மா அடுத்த தட்டைக் கழுவி அவளிடம் நீட்டினாள்.